125 யூனிட்: சிமியன்ஸின் புத்தகமும் நான் போட்டுக் கொடுத்த கணக்கும்

ஏ.டி.டபிள்யூ. சிமியன்ஸ் எழுதிய ‘பவுண்ட்ஸ் அண்ட் இன்ச்சஸ்’ என்கிற சின்னப் புத்தகத்தை நான் இரண்டு தடவை படித்திருக்கிறேன். முதல் தடவை படித்தது மூன்றே பக்கம்தான், ஒரு கணக்குப் போட்டுக் கொடுப்பதற்காக. இரண்டாவது தடவை முழுசாகப் படித்தேன், அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்திருக்கவே கூடாதோ என்ற சந்தேகத்தில். இந்தக் குறிப்பு அந்த இரண்டாவது வாசிப்பைப் பற்றியது. ஆனால் முதல் தடவை என்ன நடந்தது என்று சொல்லாமல் இதை ஆரம்பிக்க முடியாது.

கொல்லிமலையில் என் அத்தை மகன் ஒருத்தர் இருக்கிறார். சோளக்காட்டிலிருந்து மலைவாழையும் பலாவும் ஏற்றிக்கொண்டு காரவள்ளிக்கு இறங்கும் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். எடை 94 கிலோ. முட்டிவலி. போன வருஷம் ஒரு நாள் ஒரு பிளாஸ்டிக் பையோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். பைக்குள் வெள்ளைப் பவுடர் இருந்த சின்னக் கண்ணாடிக் குப்பிகள், கலக்குவதற்கான தண்ணீர், இரண்டு தினுசு இன்சுலின் சிரிஞ்சு, மூன்று பக்க ஜெராக்ஸ். ஆன்லைனில் யாரோ விற்றது.

“மாப்ள, நீ இன்ஜினியருதானே. இதுல எத்தனை கோடு இழுக்கணும்னு மட்டும் சொல்லு, போதும்” என்றார்.

சொன்னேன். அதுதான் என் தப்பு. கணக்கில் தப்பில்லை, அதைப் போட்டதில்.

கணக்கு

மருந்தின் பெயர் எச்.சி.ஜி. கர்ப்பம் தரித்ததும் நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து சுரக்கிற ஹார்மோன். மெடிக்கல் ஷாப்பில் விற்கிற கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டாவது கோடு விழுவது இந்த ஹார்மோனைக் கண்டுதான். கருத்தரிப்புச் சிகிச்சையில் டாக்டர்கள் முறைப்படி பயன்படுத்துகிற மருந்து இது. ஜெராக்ஸில் இருந்தது வேறு: தினம் 125 யூனிட் ஊசி, கூடவே ஒரு நாளைக்கு 500 கலோரி சாப்பாடு, எடை மளமளவென்று இறங்கும்.

குப்பியில் 5000 யூனிட். பத்து மில்லி தண்ணீரில் கலந்தால் ஒரு மில்லிக்கு 500 யூனிட். 125 வேண்டுமென்றால் கால் மில்லி. இதுவரை ஐந்தாம் வகுப்புக் கணக்கு. சிக்கல் சிரிஞ்சில் இருக்கிறது. இன்சுலின் சிரிஞ்சில் மில்லி போட்டிருக்காது, ‘யூனிட்’ என்று போட்டிருக்கும். அது இன்சுலினின் யூனிட், எச்.சி.ஜி.யின் யூனிட் இல்லை. அதிலும் நம்ம நாட்டில் இரண்டு வகை புழக்கத்தில் இருக்கு. சிவப்பு மூடி போட்டது ஒரு மில்லிக்கு 40 கோடு, ஆரஞ்சு மூடி போட்டது ஒரு மில்லிக்கு 100 கோடு. ஆரஞ்சு மூடியில் கால் மில்லி என்றால் 25ஆவது கோடு. சிவப்பு மூடியில் அதே கால் மில்லி 10ஆவது கோட்டில் வந்துவிடும். தெரியாமல் சிவப்பு மூடியில் 25 வரை இழுத்தால் 0.625 மில்லி. அதாவது 312 யூனிட்டுக்கு மேல், இரண்டரை மடங்கு.

நம்ம ஆளுங்களுக்கு இது புதுசு இல்லை. பழைய காலத்தில் ‘ஒரு படி’ என்று சொன்னால் எந்த ஊர்ப் படி என்று கேட்பார்கள். பேர் ஒன்று, அளவு ஊருக்கு ஊர் வேறு. யூனிட் என்பதும் அப்படித்தான். அது எடையும் இல்லை, கன அளவும் இல்லை. ஒரு மருந்து உயிருள்ள உடம்பில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை வைத்து உண்டாக்கிய அளவு. இன்சுலின் யூனிட்டை ஆரம்பத்தில் முயலின் ரத்தச் சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து வரையறுத்தார்கள். எச்.சி.ஜி. யூனிட்டின் பின்னால் எலிகள் இருக்கின்றன. முயல் யூனிட்டுக்கும் எலி யூனிட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. புரோகிராம் எழுதுகிறவனுக்கு இது பழக்கப்பட்ட கோளாறு: இரண்டு மாறிகளுக்கும் ஒரே பெயர், உள்ளே இருப்பது வேறு வேறு வகை.

இதையெல்லாம் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரே சந்தோஷம். சிவப்பு மூடி சிரிஞ்சை எல்லாம் தூக்கிப் போடச் சொன்னேன். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டு, தேதிவாரியாகக் கட்டம் கட்டி, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கலக்கிய மருந்து ஃபிரிட்ஜில் இருக்கணும், மலையில் மழைக்காற்று அடித்துக் கரண்ட் போனால் ஐஸ் டப்பாவில் வைக்கணும் என்று கீழே குறிப்பு வேறு. சாதாரணத் தண்ணீரில் கலந்த குப்பியைப் பல நாள் குத்திக் குத்தி எடுத்தால் கிருமி வளரும், அதற்கென்று பென்சைல் ஆல்கஹால் சேர்த்த தண்ணீர் தனியாக உண்டு என்பதையும் தேடிப் படித்துச் சொன்னேன்.

எல்லாம் சொன்னேன். இந்த ஊசி வேலை செய்யுமா என்று மட்டும் கேட்கவில்லை.

19ஆவது நாள்

அவர் 19 நாள் போட்டார். 6 கிலோ குறைந்தது. ஊரில் எல்லோருக்கும் ஆச்சரியம். பத்தொன்பதாவது நாள் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மலை இறங்கும்போது, 70 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டாத இடத்தில், கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நல்லவேளை, ஓரத்தில் மண் மேடு இருந்த வளைவு. வண்டியை அணைத்து நிறுத்திவிட்டு ஸ்டீயரிங் மேலேயே கவிழ்ந்து கிடந்திருக்கிறார். பிறகு பின்னால் போய் லோடிலிருந்து நாலு பழத்தைப் பிய்த்துத் தின்றாராம். கீழே டாக்டர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுறீங்க என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் திட்டி அனுப்பியிருக்கிறார்.

அன்று சாயந்திரம் எனக்குப் போன். முதல் கேள்வி: “ஊசிய அளவு தப்பிப் போட்டுட்டேனா மாப்ள?”

நானும் முதலில் செய்தது ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து பார்த்ததுதான். எல்லாம் சரியாக இருந்தது. அளவு துல்லியம். அப்போதுதான் உறைத்தது: கோளாறு என் கணக்கில் இல்லை, எதை நம்பி அந்தக் கணக்கைப் போட்டேனோ அதில் இருக்கிறது. கொடுத்த வேலையைச் சரியாகச் செய்தோமா என்பது ஒரு கேள்வி, சரியான வேலையைத்தான் செய்தோமா என்பது வேறு கேள்வி. இருபது வருஷமாக ஆபீஸில் இதைச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். வீட்டுக்கு வந்ததும் மறந்துபோச்சு.

அதற்குப் பிறகுதான் சிமியன்ஸை முழுசாகப் படித்தேன்.

சிமியன்ஸ் யார்?

ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, இதன் வேர் இந்தியாவில் இருக்கிறது. சிமியன்ஸ் லண்டனில் பிறந்து ஜெர்மனியில் மருத்துவம் படித்தவர். 1931இல் இந்தியாவுக்கு வந்து ஏறக்குறைய பதினெட்டு வருஷம் இங்கே வேலை பார்த்தார். பம்பாயில் மருத்துவர். மலேரியாவுக்கு ஊசி சிகிச்சை முயன்றதற்காகச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கௌரவம் கிடைத்தது. கோலாப்பூர்ப் பக்கம் தொழுநோயாளிகளுக்கு முன்மாதிரிக் குடியிருப்பு அமைத்தவர். தொழுநோயை வைத்து ஒரு நாவலும் எழுதினார். போலி டாக்டர் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாத மனிதர்.

இந்தியாவில் பருவ வளர்ச்சி தாமதமான குண்டுப் பையன்களுக்கு எச்.சி.ஜி. கொடுத்துப் பார்த்தபோது, சின்ன அளவு கொடுத்தாலே அவர்களுடைய அகோரப் பசி அடங்குவதைக் கண்டதாகச் சொல்கிறார். எடை குறையவில்லை, ஆனால் உடம்பின் வடிவம் மாறியது என்பது அவர் கவனிப்பு. அங்கிருந்துதான், சாப்பாட்டையும் குறைத்தால் என்ன என்ற யோசனை. பிறகு ரோம் நகரில் சால்வதோர் முண்டி மருத்துவமனையில் இதையே தனி முறையாக வளர்த்தார். 1954இல் ‘லான்செட்’ இதழில் கட்டுரை, அதே வருஷம் இந்தப் புத்தகம்.

புத்தகத்தின் முதல் பாதியைப் படிக்கும்போது மரியாதையே வந்தது. குண்டாக இருப்பது பேராசையோ சோம்பேறித்தனமோ இல்லை, மூளையின் அடிப்பகுதியில் இருக்கிற ஒரு கட்டுப்பாட்டு மையத்தின் கோளாறு என்கிறார். 1954இல் இப்படிச் சொல்ல தைரியம் வேண்டும். கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்குச் சேதி சொல்கிற லெப்டின் ஹார்மோனைக் கண்டுபிடித்ததே 1994இல்தான். ‘வாயைக் கட்டு’ என்று மட்டுமே கேட்டுப் பழகிய நோயாளிக்கு, இது உன் குற்றம் இல்லை என்று ஒரு டாக்டர் சொல்வது எவ்வளவு பெரிய ஆறுதல். என் அத்தை மகனைப் பிடித்துக்கொண்டதும் அந்த ஆறுதல்தான் என்று நினைக்கிறேன்.

பிரச்சினை இரண்டாவது பாதியில் ஆரம்பிக்கிறது.

எண்கள், எண்கள்

சிமியன்ஸின் முறையில் எல்லாமே எண்ணாக இருக்கும். தினம் 125 யூனிட். குறைந்தது 26 நாள் சிகிச்சை, அதில் 23 ஊசி. அதிகபட்சம் 40 ஊசி. 34 பவுண்டு, அதாவது சுமார் பதினைந்தரை கிலோ குறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். முதல் ஊசிகளின்போது கொழுப்பாக வயிறு முட்டச் சாப்பிட வேண்டும். பிறகு 500 கலோரி. கடைசி ஊசிக்குப் பிறகும் மூன்று நாள் அதே சாப்பாடு. ஒரு வேளைக்கு 100 கிராம் கொழுப்பில்லாத மாமிசம், ஒரு காய், ஒரு ரொட்டிக் குச்சி, ஒரு பழம். நாள் முழுக்க ஒரே ஒரு மேசைக்கரண்டி பால்.

இந்த எண்கள் ஒவ்வொன்றும் ‘நான் சோதித்து முடிவுக்கு வந்தவன்’ என்று பேசுகின்றன. ஆனால் எதிர்ச்சோதனை எங்கே என்று தேடினால் புத்தகத்தில் இல்லை. அதே 500 கலோரி கொடுத்து, ஊசியில் வெறும் உப்புத் தண்ணீர் போட்டு, யாருக்கு எது போட்டது என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் வைத்து ஒப்பிட்டாரா? அதுதான் கேட்க வேண்டிய ஒரே கேள்வி. அதற்கு அவரிடம் அனுபவம் மட்டும் பதிலாக இருக்கிறது.

அனுபவம் எப்படி ஏமாற்றும் என்பதற்குப் புத்தகத்திலேயே சாட்சி இருக்கு. எடை இறங்காமல் நின்றால் என்ன காரணம் என்று ஒரு நீண்ட பட்டியல். அதில் முகத்துக்குப் போடுகிற கிரீமும் வருகிறது, கொழுப்பு தோல் வழியாக உள்ளே போய்விடுமாம். இப்படி ஒரு விதியை வைத்துவிட்டால் அந்த முறை தோற்கவே தோற்காது. எடை இறங்கினால் ஊசியின் மகிமை. இறங்காவிட்டால் நோயாளி திருட்டுத்தனமாகக் கிரீம் பூசியிருக்கிறார். எந்த டெஸ்ட்டிலும் ஃபெயில் ஆகாத புரோகிராமை எழுதிவிட்டேன் என்று ஒருவன் வந்து சொன்னால், முதலில் டெஸ்ட்டைத்தான் பார்க்கணும்.

இன்னொரு இடம் நமக்கு நெருக்கமானது. சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. மாமிசத்துக்குப் பதில் அவர்களுக்கு ஆடை நீக்கிய பால் அரை லிட்டர் தர வேண்டும், பருப்பு கூடாது, வழக்கமான அரிசிச் சோறும் கூடாது என்கிறார். இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் அவர்களுக்கு எடை இறங்குவது மற்றவர்களில் பாதிதானாம். பாலில் இருக்கிற சர்க்கரை காரணமாக இருக்கலாம் என்று ஊகிக்கிறார்.

இதை நான் மூன்று தடவை திரும்பப் படித்தேன். ஊசி அதே 125 யூனிட். மாற்றியது சாப்பாடு மட்டும். பலன் பாதியாகிவிட்டது. அப்படியானால் எடையை இறக்குவது எது? அவர் கையாலேயே எழுதி வைத்த குறிப்பு, அவருடைய கொள்கைக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அதைக் கடந்து போய் அடுத்த விதிக்குத் தாவிவிடுகிறார்.

மற்றவர்கள் சோதித்தபோது

அவர் செய்யாத சோதனையை மற்றவர்கள் செய்தார்கள். 1973இல் ஆஷர், ஹார்ப்பர் இருவரும் சிறிய குழுவை வைத்துச் செய்த ஆய்வு ஊசிக்குச் சாதகமாக வந்தது, அதை மறைக்கக் கூடாது. அதைத் திரும்பச் செய்துபார்க்க 1976இல் ஸ்டைன் குழுவினர் 51 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். எச்.சி.ஜி. போட்டவர்களுக்கும் வெறும் ஊசி போட்டவர்களுக்கும் எடையிலும் வித்தியாசமில்லை, பசியிலும் வித்தியாசமில்லை. அதே வருஷம் யங் குழுவினர் 202 பேரை வைத்துச் செய்த சோதனையிலும் அதே முடிவு. 1995இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதுவரை வந்த 24 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, எடை குறைப்பில் எச்.சி.ஜி.க்குப் பலன் உண்டு என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். அமெரிக்காவில் இந்த மருந்தின் லேபிளிலேயே, எடை குறைக்க இது உதவுவதாக நிரூபிக்கப்படவில்லை என்று அச்சடிக்கிறார்கள். 2011 டிசம்பரில் ‘ஹோமியோபதி எச்.சி.ஜி.’ என்று சொட்டு மருந்து விற்ற ஏழு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது.

இந்த ஆய்வுகளில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. வெறும் தண்ணீர் ஊசி போட்டவர்களுக்கும் எடை இறங்கியது. ஏன் இறங்காது? என் அத்தை மகனின் கணக்கையே பார்க்கலாம். லோடு ஏற்றி இறக்குகிற 94 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2500 கலோரி செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். சாப்பிட்டது 500. தினம் 2000 பற்றாக்குறை. முதல் இரண்டு நாள் வயிறு முட்டச் சாப்பிட்டதைத் தள்ளினால் 17 நாளில் 34,000. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7700 கலோரி. வகுத்தால் 4.4 கிலோ. மீதி ஒன்றரை கிலோ தண்ணீரும் தசையும். 6 கிலோவுக்கும் கணக்கு முடிந்துவிட்டது. ஹார்மோனுக்கென்று எழுத ஒரு வரிகூட மிச்சமில்லை.

500 கலோரி என்றால் எவ்வளவு என்று நம்ம அளவில் சொல்கிறேன். கொல்லிமலைச் சாமையில் சுமார் 145 கிராம், ஏறக்குறைய ஓர் ஆழாக்கு. வேறு காய், குழம்பு, எண்ணெய் எதுவும் கிடையாது. ஓர் ஆழாக்குச் சாமையை மட்டும் வைத்து ஒரு நாள் முழுக்க வாழைத்தார் தூக்கி, எழுபது வளைவு ஏறி இறங்கச் சொன்னால் அந்த மலையில் யாராவது ஒத்துக்கொள்வார்களா? “பைத்தியமா உனக்கு” என்பார்கள். ஊசி ஒன்று கூடச் சேர்ந்ததும் அது வைத்தியம் ஆகிவிட்டது. இவ்வளவு குறைவான சாப்பாட்டில் பித்தப்பைக் கல் வரலாம், ரத்தத்தில் உப்புகளின் சமநிலை கெட்டு இதயத் துடிப்பு தடுமாறலாம். இதில் எதுவும் அவருடைய ஜெராக்ஸில் இல்லை.

துல்லியம் என்கிற வேஷம்

என் குற்றச்சாட்டு இதுதான். சிமியன்ஸ் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே நம்பினார் என்றுதான் படிக்கும்போது தெரிகிறது. ஆனால் அவருடைய முறை எழுபது வருஷம் தாண்டியும் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அது வேலை செய்வதில்லை, அதை அளக்க முடிவதுதான். குப்பியை உடைத்து, தண்ணீர் கலந்து, காற்றுக்குமிழியைத் தட்டி எடுத்து, கோட்டுக்குச் சரியாக நிறுத்தி, ஒரே நேரத்தில் தினம் குத்திக்கொள்கிறவன், பட்டினி கிடக்கிறோம் என்று நினைக்க மாட்டான். சிகிச்சை நடக்கிறது என்று நினைப்பான். தப்பாகிவிடுமோ என்ற பயம் எல்லாம் அளவின் மேல் போய்விடும். அடிப்படை மேல் சந்தேகமே வராது. மலை வளைவில் மயங்கிக் கிடந்த மனுஷன் கேட்ட முதல் கேள்வி அதற்குச் சாட்சி.

அந்த வேஷத்துக்குப் பவுடர் பூசிவிட்டது என் ஸ்ப்ரெட்ஷீட். மூன்று பக்க ஜெராக்ஸை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் ஒருவேளை பாதியிலேயே குழம்பி விட்டிருப்பார். ‘மாப்ளை இன்ஜினியர், அவனே கணக்குப் போட்டுக் கொடுத்தான்’ என்கிற தைரியம் என்னிடமிருந்து போனது.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. புது ஊசிகள் வந்திருக்கின்றன. செமாகுளூடைடு, டிர்செப்படைடு இரண்டும் பெரிய சோதனைகளில் தண்ணீர் ஊசியோடு ஒப்பிட்டு ஜெயித்தவை. எச்.சி.ஜி.யோடு அவற்றைச் சேர்த்துப் பேசுவது அநியாயம். ஆனால் அங்கே அளவு நிஜமாகவே முக்கியம். 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த மவுஞ்சாரோ முதலில் பேனாவாக வரவில்லை, குப்பியில்தான் வந்தது. அமெரிக்காவில் கடைகள் கலந்து விற்ற செமாகுளூடைடைத் தாங்களே சிரிஞ்சில் இழுத்தவர்களில் சிலர் ஐந்து முதல் இருபது மடங்குவரை கூடுதலாகப் போட்டுக்கொண்டதாக 2024 ஜூலையில் அங்கே எச்சரிக்கை வந்தது. மில்லிகிராம், மில்லி, யூனிட் மூன்றையும் குழப்பிக்கொண்டதுதான் காரணங்களில் ஒன்று. சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடிக் கதையேதான்.

ஆக, யாராவது ஒரு குப்பியோடு வந்து “எத்தனை கோடு?” என்று கேட்டால், இனிமேல் நான் திருப்பிக் கேட்கப்போவது மூன்று. இது என்ன மருந்து? இதையே தண்ணீர் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா? எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்? மூன்றுக்கும் பதில் இருந்தால், கோட்டைக் காட்ட வேண்டியவர் அந்த டாக்டரோ நர்ஸோதான். பதில் இல்லை என்றால் கோடு எதற்கு?

அத்தை மகன் இப்போது 91 கிலோ. குறைந்த ஆறில் பாதி திரும்ப வந்துவிட்டது. மீதிப் பாதி நிற்கிறது. ராத்திரிச் சோற்றைக் குறைத்திருக்கிறார், முட்டிவலிக்கு டாக்டரிடம் போகிறார். மிச்சக் குப்பிகளைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார், விற்ற ஆள் போனை எடுக்கவில்லை. என் ஸ்ப்ரெட்ஷீட் பிரிண்ட் இன்னும் அவர் வண்டி டேஷ்போர்டில்தான் இருக்கு, பின்பக்கத்தில் வாழைத்தார்க் கணக்கு எழுதுகிறார். அந்தக் காகிதத்துக்கு அது நல்ல உபயோகம்.